மூன்று பழைய ஃபிரேம்கள், ஒரு டப்பா உதிரிபாகம்

என்னிடம் ஒரு டப்பா நிறைய சைக்கிள் உதிரிபாகங்கள் கிடக்கின்றன: பின் ஹப் (வீலின் நடு உருளை) 130 மி.மீ. அகலமுள்ள ஒரு ஜோடி 700சி வீல், 10 ஸ்பீடு கியர் செட், ரிம் பிரேக், சீட்டைத் தாங்கும் 27.2 மி.மீ. சீட் போஸ்ட். ஃபிரேம்தான் இல்லை. விற்பனைக்கு வந்திருப்பவை மூன்று. லக் (குழாய்கள் சேரும் மூட்டு உறை) வைத்துப் பற்றவைத்த பழைய ஸ்டீல், அதற்கு அடுத்த தலைமுறை அலுமினியம், "ஒரே ஒரு தடவைதான் விழுந்தது" என்று விற்பவரே சொல்லும் கார்பன். போட்டியில் நான்காவதும் உண்டு. ஃபிரேமே வாங்காமல், ஓடிக்கொண்டிருக்கும் பழைய சைக்கிள் ஒன்றை முழுதாக வாங்கிவிடுவது.

மூன்றும் எனக்கேற்ற அளவு என்பதால்தான் இந்தப் பேச்சே. அளவு பொருந்தாத ஃபிரேமை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. சீட்டை ஏற்றி இறக்கலாம், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மைக் கொஞ்சம் நீட்டிக் குறுக்கலாம். மேல்குழாயான டாப் டியூபின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது.

ஸ்டீலிலிருந்து தொடங்குகிறேன், மனசு அங்கேதான் இருக்கிறது. அதன் டிராப்அவுட் (பின்வீலின் அச்சு உட்காரும் காடி) இடைவெளி 126 மி.மீ., அதாவது 6, 7 ஸ்பீடு காலத்துச் சரக்கு. என் வீல் 130. பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்க வேண்டும். ஸ்டீல் என்பதால் கையால் இழுத்துப் பிடித்தே வீலை மாட்டிவிடலாம், அல்லது முறையாக வளைத்து நிரந்தரமாகவே விரித்துவிடலாம். அலுமினியத்திலோ கார்பனிலோ இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது.

ஃபிரேமில் ரீனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் இருக்கிறது. 1935-லிருந்து பெயர் வாங்கிய குழாய் அது. ஆனால் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சீட் போஸ்ட்டின் விட்டம் பொய் சொல்லாது. போஸ்ட் நுழையும் சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 ஆக இருந்து 27.2 போஸ்ட் உள்ளே போகிறது என்றால், குழாயின் சுவர் ஏறக்குறைய 0.7 மி.மீ. தான். நல்ல, மெல்லிய குழாய். அதே குழாயில் 25.4 போஸ்ட்தான் நுழைகிறது என்றால், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அது தடித்த மலிவுக் குழாய். (பழைய பிரெஞ்சு ஃபிரேம்களில் குழாய் அளவே வேறு, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.)

அதே போஸ்ட்தான் ஆபத்தும். முன்பு ஒருமுறை பளபளவென்றிருந்த ஸ்டீல் ஃபிரேம் ஒன்றை வாங்கி வந்தேன். அலுமினிய போஸ்ட் உள்ளேயே இறுகிப்போயிருந்தது. வியர்வையும் மழைநீரும் இறங்கி, இரண்டு உலோகமும் ஒட்டிய இடத்தில் அலுமினியம் அரித்து, அந்த ஆக்சைடு உப்பி அடைத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் எண்ணெய் விட்டேன், வைஸில் பிடித்துத் திருகினேன். கடைசியில் ஹாக்சா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்துத்தான் எடுத்தேன். அன்றிலிருந்து விலை பேசுவதற்கு முன் போல்ட்டைத் தளர்த்தி, போஸ்ட் திரும்புகிறதா என்று பார்த்துவிடுகிறேன். "அதெல்லாம் வந்துடும் சார்" என்கிற உத்தரவாதத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மரையும் பார்க்க வேண்டும். அதன் கூடு 70 மி.மீ. அகலம் என்றால் இத்தாலிய மரை என்று ஊகிக்கலாம். 68 என்றால் பெரும்பாலும் ஆங்கில மரை, வலப்பக்கக் கப் (பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்) இடம்புரியாகத் திருகும். ஆனால் பழைய பிரெஞ்சுக் கூடும் 68 தான், மரை மட்டும் வேறு, அதற்குக் கப் தேடி அலைய வேண்டும். மனிதனுக்கு மரை கழன்றால் கிண்டல் செய்துவிட்டுப் போய்விடுவோம், ஃபிரேமுக்குக் கழன்றால் கை வைத்தவனுக்குத்தான் செலவு.

அப்புறம் பிரேக். பழைய ஃபிரேம் 27 இஞ்ச் வீலுக்காகச் செய்ததாக இருந்தால், அந்த ரிம்மின் விட்டம் 630, என்னுடையது 622. பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். என் பிரேக் காலிப்பரின் கை அவ்வளவு எட்டாவிட்டால் நீளக் கை காலிப்பர் வாங்க வேண்டியதுதான். முன்வீலைப் பிடிக்கும் ஃபோர்க்கும் 1 இஞ்ச் மரை வைத்தது, இப்போதைய ஸ்டெம் மாட்ட அடாப்டர் வேண்டும்.

இந்தத் தலைவலி எதுவும் அலுமினியத்தில் இல்லை. 130 நேராக உட்காரும், ஆங்கில மரை, 1⅛ இஞ்ச் ஃபோர்க். சீட் டியூப் 31.6, ஒரு ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) போட்டால் என் போஸ்ட் நிற்கும். ஒரே மாலையில் சைக்கிள் தயார். ஆனால் ஸ்டீலுக்கு ஒரு வரம்புக்குக் கீழான அழுத்தத்தில் களைப்பே தெரியாது. அலுமினியத்துக்கு அப்படி வரம்பு கிடையாது, ஒவ்வொரு மிதியும் கணக்கில் ஏறும். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு மீட்டரும் இல்லை. ஆகவே ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபின் சந்திப்பிலும், பாட்டம் பிராக்கெட் வெல்டிங்கிலும், சீட் கிளாம்ப் வெட்டின் அடியிலும் டார்ச் அடித்து முடி போன்ற கோடு தெரிகிறதா என்று தேட வேண்டும். பின் கியர் மாற்றியை (டீரெய்லியர்) தொங்கவிடும் ஹேங்கர் தனித்துண்டு, அதில் எத்தனையோ வடிவங்கள். இதற்கு உரியது இன்னும் கிடைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்பனைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நாணயத்தால் தட்டி ஓசை மங்குகிறதா என்று கேட்கலாம், அதுவும் முடிந்த முடிவு இல்லை. விழுந்த கார்பனின் உள்ளே என்ன ஆயிற்று என்பது வெளிப்பூச்சில் தெரியாமலே போகலாம், பொதுவாக வாரன்டியும் முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும். எனக்கு வேண்டாம்.

முழு சைக்கிள்தான் உண்மையான போட்டி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது ஃபிரேமுக்கு அப்படியே பொருந்தும். ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்), பாட்டம் பிராக்கெட், கேபிள், அவுட்டர், பார் டேப், சீட் கிளாம்ப் எல்லாம் சேர்ந்தால் பல சமயம் ஃபிரேம் விலையைத் தாண்டிவிடும். என் டப்பா மட்டும் இல்லையென்றால் யோசிக்காமல் முழு சைக்கிளையே வாங்கியிருப்பேன். ஓட்டிப் பார்த்தும் வாங்கலாம், எல்லாம் ஏற்கெனவே ஒன்றோடொன்று பொருந்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

டப்பா இருப்பதால் ஸ்டீலும் அலுமினியமும் மட்டுமே மிச்சம். நாளை காலை ஆலன் கீ, அளவெடுக்கும் காலிப்பர், ஒரு நூல்கண்டு எடுத்துக்கொண்டு ஸ்டீலைப் பார்க்கப் போகிறேன். நூலை ஒரு டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி மறு டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து, சீட் டியூபிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் கோணல் தெரிந்துவிடும். ஒரு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. கீழ்க்குழாயான டவுன் டியூபின் அடியில், ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால், பெயின்ட் சுருங்கியிருந்தால் முன்புறம் மோதிய வண்டி, திரும்பி வந்துவிடுவேன். அடியில் சீரியல் எண்ணைச் சுரண்டியிருந்தாலும் அப்படியே. இவையெல்லாம் தேறி, போஸ்ட்டும் திரும்பினால் ஸ்டீல் வீட்டுக்கு வரும். திரும்பாவிட்டால் அலுமினியக்காரருக்கு போன் செய்வேன்.