பாயிண்ட் இல்லாத வண்டிக்குப் பாயிண்ட் அட்ஜஸ்ட்மென்ட்: ஒரு ‘ஃபுல் டியூனப்’ அனுபவம்

சர்வீஸ் சென்டரில் ‘ஃபுல் டியூனப்’ முடித்துக் கொடுத்த, பதினாறு வரி அச்சடித்த தாள். ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் பச்சை மையில் ஒரு டிக். நான்காவது வரி ‘பாயிண்ட் கேப் சரிபார்ப்பு’. ஏழாவது ‘கார்புரேட்டர் சுத்தம், மிக்சர் செட்டிங்’. பதினொன்றாவது ‘பிளக் ஒயர்’. மூன்றும் பழைய காலத்து எஞ்சின் சாமான்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட என் வண்டியில் கிடையாது. மூன்றுக்கும் டிக் இருந்தது.

கவுண்டரில் இருந்த பையனிடம் தாளைக் காட்டி, “தம்பி, இந்த வண்டியில பாயிண்ட் எங்க இருக்கு?” என்று கேட்டேன். தாளைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். “அது எல்லா வண்டிக்கும் ஒரே ஷீட் சார்” என்றான். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கோபம் பழைய பிளக்குகளைக் கையில் வாங்கிய பிறகு வந்தது. அதற்கு வருகிறேன்.

வண்டி எட்டு வருடப் பெட்ரோல் கார், 72,000 கி.மீ. ஓடியது. நிறுத்தி நிற்கும்போது ஐடிலிங்கில் லேசான நடுக்கம். ஆர்பிஎம் முள் ஏறி இறங்கி விளையாடும். ஓட ஆரம்பித்தால் ஒன்றும் தெரியாது. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ‘ஃபுல் டியூனப் போட்டா சரியாயிடும்’ என்றார்கள், சரி என்றேன். அந்தச் சொல்லுக்கு எனக்குள் இருக்கும் மரியாதைதான் காரணம்.

சித்தப்பாவிடம் ஒரு கார்புரேட்டர் வண்டி இருந்தது. மூடியைக் கழற்றி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், திறந்து மூடிப் பொறியைக் கிளப்பும் பாயிண்ட் என்ற சின்ன சுவிட்சின் இடைவெளியில், அளவு பார்க்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி, “இறுக்கமா இழுக்கணும், ஆனா இழுபடணும்” என்பார். ஏறக்குறைய 0.4 மி.மீ. அந்தப் பாயிண்டின் அடியில் சுழலும் கேமில் உரசிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கட்டை உண்டு. அது தேயத் தேய இடைவெளி குறையும், பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் பின்தங்கும், வண்டி இழுக்காது. அதனால் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை திறந்தே ஆக வேண்டும். டியூனப் என்பது அந்தத் தேய்மானத்துக்குப் பிறந்த வேலை.

இப்போதைய எஞ்சினில் தேய அந்தக் கட்டையே இல்லை. கிராங்க் சென்சார் எதையும் தொடாமலே எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறது, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற கணக்கை எஞ்சினின் கணினியான ஈசியூ ஓடும்போதே சரிக்கட்டிக்கொள்கிறது. சித்தப்பா ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டு வைத்த மிக்சரை, அது கேட்காமலே வைக்கிறது. திருக ஸ்க்ரூவே கிடையாது.

இப்போது பிளக்குகள். பழையதைத் திருப்பிக் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். நான்குமே இரிடியம். முனை ஊசி மாதிரி கூர்மையாக இருந்தது, பீங்கான் இளம்பழுப்பு நிறம். எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை, கரியும் இல்லை. நன்றாக எரியும் எஞ்சினின் அடையாளமே அந்த நிறம்தான். என் வண்டியின் கையேடு இவற்றுக்கு ஒரு லட்சம் கி.மீ. தருகிறது. இரிடியம் உருக 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், நிக்கலுக்கு 1,455 போதும். முனை இவ்வளவு மெல்லியதாக இருந்தும் நீண்ட நாள் தாங்குவது அதனால்தான். அதைக் கழற்றிவிட்டு என்ன போட்டார்கள் தெரியுமா? சாதா நிக்கல் பிளக். 30,000 தாண்டினாலே யோசிக்க வேண்டிய ரகம். நல்லதை எடுத்துவிட்டு மட்டமானதைப் போட்டதற்குப் பில்லில் ‘அப்கிரேட்’ என்று எழுதியிருந்தது.

நடுக்கம்? அப்படியேதான் இருந்தது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை ஒழுங்காகச் சுத்தம் செய்திருந்தார்கள். உள்ளே படிந்த கரியைத் துடைத்தார்கள், அப்புறம் ஐடிலிங் அளவை ஈசியூவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் ஐடில் ரீலேர்னும் போட்டுக் கொடுத்தார்கள். பல இடங்களில் இதை மறந்துவிட்டு, ‘வண்டி செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்’ என்று அனுப்பிவிடுவார்கள். ஏர் ஃபில்டரும் மாற்றினார்கள், ‘மைலேஜ் ஏறும்’ என்ற வசனத்தோடு. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்திருக்கிறது. அடைத்துப்போன ஃபில்டரால் புதிய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மைலேஜ் கணிசமாகக் குறையவில்லை, பிக்கப்தான் அடிவாங்கியது. ஃபில்டர் மாற்றுவது தப்பில்லை, சொன்ன காரணம்தான் பழசு.

மறுநாள் திரும்பப் போனேன். இந்தத் தடவை கவுண்டரைத் தாண்டிப் பின்பக்க ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அதிகம் பேசாத ஒரு மூத்த மெக்கானிக். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. என் முகம் சுருங்கியதைப் பார்த்து, “கோடு இல்லன்னா கோளாறு இல்லன்னு அர்த்தம் இல்ல சார்” என்று சொல்லிவிட்டு, ஈசியூ பெட்ரோலை வழக்கத்தைவிட எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று சொல்லும் லாங் டேர்ம் ஃப்யூல் டிரிம் என்ற வரியைக் காட்டினார். ஐடிலிங்கில் +19 சதவீதம். ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தார். மெல்ல இறங்கி +4க்கு வந்தது.

“எங்கயோ காத்து திருட்டுத்தனமா போகுது.”

ஏர்ஃப்ளோ சென்சார் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்தால், ஈசியூ அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியே வரும் பங்கு பெரிது. வேகம் ஏறினால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். 19க்கும் 4க்கும் உள்ள வித்தியாசத்தில் கதை முழுவதும் இருந்தது. ஸ்மோக் டெஸ்ட் போட்டார். காற்று போகும் வழியான இன்டேக்குக்குள் புகையை அனுப்பியதும், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை அதே இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிசிவி ஹோஸின் வளைவில் அடிப்பக்கமிருந்து நூல் மாதிரி ஒரு புகை. விரலால் அழுத்தினால் நிற்கிறது, விட்டால் வருகிறது. விரல் நீள ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருந்தது, அவ்வளவுதான். மாற்றினார். முள் ஆடாமல் நின்றது. மொத்தம் நாற்பது நிமிடம்.

அப்புறம், நான் கேட்காமலே பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தார். “எப்ப மாத்தினீங்க?” யோசித்துப் பார்த்தேன், நான்கு வருடம் இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய நிலைக்கான அளவு 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் திரவம் கொதித்து ஆவியாகி, பெடல் தரையைத் தொட்டுவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. பதினாறு வரித் தாளில் பிரேக் ஆயில் இல்லை. கூலன்ட் இல்லை. டைமிங் பெல்ட் உள்ள வண்டியா, செயின் உள்ள வண்டியா என்ற கேள்வியும் இல்லை. பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அதைவிடப் பெரிய செலவு வேறென்ன இருக்கிறது? கார்புரேட்டருக்கு மட்டும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்.

டியூனப் பேக்கேஜுக்கு ஐந்தில் ஒன்றரை, அந்த ஒன்றரையும் த்ராட்டில் பாடிக்கு. பின்பக்க ஷெட்டுக்கு ஐந்து. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் எந்த எண்ணைப் போடுவது என்று தெரியவில்லை, மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் கவுண்டரில் பேக்கேஜ் பெயர் எதையும் சொல்லாதீர்கள். ‘நிற்கும்போது நடுங்குகிறது, ஓடினால் இல்லை’ என்கிற மாதிரி நோயை மட்டும் சொல்லி, ஸ்கேனர் வைத்திருக்கும் பெரியவரைக் கேளுங்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். என் இரிடியம் பிளக்குகளை எஞ்சின் ஆறிய பிறகு நானே திரும்ப மாட்டிவிட்டேன். அந்த நிக்கல் பிளக் நான்கும் இப்போது டூல் பாக்ஸில், சித்தப்பாவின் ஃபீலர் கேஜுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.