டோக்கியோ தேசிய அருங்காட்சியகம்: தனியாகப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை போங்கள்

உவேனோ பூங்காவின் வடகோடியில் இருக்கும் இந்த அருங்காட்சியகம் 1872-ல் தொடங்கியது. ஜப்பானில் இதைவிடப் பழையது இல்லை. பெரியவர்களுக்கு 1,000 யென், 18 வயதுக்குக் கீழே இலவசம். கொடுக்கிற காசுக்கு டோக்கியோவில் இதற்கு ஈடான இடம் கிடைப்பது கடினம். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் போனால், நல்ல பகுதிகளுக்கு வந்து சேர்வதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

திங்கட்கிழமை விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து, மறுநாள் மூடுவார்கள். மற்ற நாட்களில் 9:30 முதல் 5 மணி வரை. வெள்ளி, சனி மட்டும் இரவு 8 வரை. உள்ளே விடுவது மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வரைதான். தனியாக வருகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமையே சரி. மதியம் ஒரு மணிக்கு நுழைந்தால் ஏழு மணி நேரம் கையில் இருக்கும். மாலையில் கூட்டமும் குறையும்.

ஜேஆர் ரயிலில் உவேனோ நிலையத்தின் பூங்கா வாசலில் இறங்கினால் பத்து நிமிட நடை. உகுஇசுதானி நிலையத்தின் தெற்கு வாசலிலிருந்தும் அதே தூரம்தான், நெரிசல் குறைவு. லாக்கருக்கு 100 யென் நாணயம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சாவியைத் திருப்பும்போது அது திரும்ப வந்துவிடும். பெரிய சூட்கேஸ் அதில் நுழையாது, ரயில் நிலையத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு விஷயம். சிறப்புக் கண்காட்சிக்குத் தனி டிக்கெட். அதை எடுத்தால் நிரந்தரக் காட்சிக்கூடங்களையும் அன்றே பார்க்கலாம். 1,000 யென் டிக்கெட்டில் சிறப்புக் கண்காட்சிக்குள் போக முடியாது. முதல் முறை வருகிறவர்கள் சிறப்புக் கண்காட்சியை விட்டுவிடுவதே நல்லது. வரிசையில் நின்று, தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும்.

நேராக ஹொன்கானுக்குப் போங்கள். 1938-ல் திறந்த, ஓட்டுக்கூரை போட்ட மையக் கட்டடம் அதுதான். கீழ்த்தளத்தில் நிற்காமல் படியேறி இரண்டாம் தளத்துக்கு (கீழ்த்தளத்துக்கு அடுத்த மாடிதான்) போய், 1 முதல் 10 வரை அறை எண்படியே நடங்கள். வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலத்து மண்பாண்டத்தில் தொடங்கி, பௌத்தக் கலை, தேநீர்ச் சடங்குப் பாத்திரங்கள், சாமுராய்க் கவசங்கள், மடிப்புத் திரைகள் எனப் போய் உகியோ-எ அச்சு ஓவியங்களில் முடியும். இந்த ஒரு சுற்றுக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 7-ஆம் அறையின் மடிப்புத் திரைகளைக் கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தால் மையும் தங்கத்தாளும் மட்டுமே தெரியும். நாலைந்து அடி பின்னால் வந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நடந்தால்தான் மடிப்புகள் ஆழம் கொடுப்பது புரியும். யாரும் "போகலாமா" என்று கேட்காத பயணத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

கீழ்த்தளத்தில் 13-ஆம் அறையின் வாள்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். நேராக நின்று பார்த்தால் அது வெறும் பளபளப்பான இரும்பு. முழங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்தி, விளக்கின் ஒளி அலகில் வழுக்குகிற கோணத்துக்கு வாருங்கள். வெட்டு விளிம்பை ஒட்டி வெண்மையான அலைக்கோடு எழுந்து வரும். பதம் போடும்போது முதுகுப் பக்கத்துக்குக் களிமண்ணைத் தடிப்பாகவும் வெட்டு விளிம்புக்கு மெல்லியதாகவும் பூசுவார்கள். விளிம்பு வேகமாகக் குளிர்ந்து கடினமாவதால் உண்டாகும் எல்லைக்கோடு அது.

ஏமாற்றம் வருவது ஒரே இடத்தில்தான்: தேடி வந்த பொருள் காட்சியில் இருக்காது. பட்டும் காகிதமும் வெளிச்சத்தில் கெடும் என்பதால் ஓவியங்களையும் ஆடைகளையும் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள். ஓவியர் ஹாசெகாவா தொஹாகுவின் பைன் மரத் திரைகள் பெரும்பாலும் புத்தாண்டையொட்டித்தான் வெளியே வரும். புகழ்பெற்ற மிகாசுகி முனேசிகா வாளுக்கும் எல்லா நாளும் உத்தரவாதம் இல்லை. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அறைவாரியாகப் பட்டியலும் தேதியும் இருக்கின்றன. கிளம்பும் முன் பாருங்கள், இதைச் செய்யாமல் வந்து குறை சொல்வது நியாயமில்லை.

பசித்தால் தோயோகான் கட்டடத்தின் உணவகம் இருக்கிறது. அந்தக் கட்டடம் ஆசியக் கலைக்கானது. காந்தாரச் சிற்பங்களும் எகிப்திய மம்மியும் இரண்டாம் தளத்தில். ஹெய்செய்கான் என்ற இன்னொரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தொல்லியல் கூடம் உண்டு. சிறப்புக் கண்காட்சிக்கு மாடியேறும் கூட்டம் இதைக் கவனிப்பதே இல்லை. ஹனிவா மண்ணுருவங்களுக்காகவாவது முக்கால் மணி நேரம் கொடுங்கள்.

ஹோர்யூஜி புதையல் கூடத்தைக் கடைசிக்கு வையுங்கள். தோயோகானை 1968-ல் வடிவமைத்தவர் தானிகுச்சி யோஷிரோ. இந்தப் புதையல் கூடத்தை 1999-ல் வடிவமைத்தவர் அவர் மகன் யோஷியோ. ஹோர்யூஜி கோயில் 1878-ல் அரச குடும்பத்துக்குக் கொடுத்த பொருட்கள் இங்கே இருக்கின்றன. இருட்டான அறையில் சிறிய வெண்கலப் புத்தர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டியில் நிற்கிறார்கள். நான்கு பக்கமும் சுற்றி வரலாம் என்பதால் முதுகுப் பக்கத்து உடை மடிப்புகளையும் பாருங்கள், அங்கேயும் வேலைப்பாடு குறையவில்லை.

படம் எடுக்கலாம், ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. தடைக் குறி உள்ள பொருட்களை எடுக்காதீர்கள். குறிப்பு எழுத பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள்.