கடனைத் தள்ளுவதா, தவணையை நீட்டுவதா?

யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் இருக்கும் கஸ்தூரியார் வீதிப் பக்கம் போனால் பெரியம்மாவின் காப்புதான் நினைவுக்கு வரும். அதை அடைவு, அதாவது அடகு, வைத்தவர் வருடாவருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தார், காப்பு கைக்கு வரவேயில்லை.

நாட்டுக் கடனின் தவணையை நீட்டுவதும் பாதி இந்தக் கதைதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்த இலங்கைக்குக் கிடைத்தது இதுதான்: பிணைமுறி எனும் கடன் பத்திரங்களை வாங்கி நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் முதலில் கடனில் கொஞ்சம் கழித்தார்கள், சரி, ஆனால் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2032இல் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 வீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பதே இலக்கு. இதுக்குப் பேர் மீட்சியாம்!

மற்றது தள்ளுபடி. 1996இல் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கென்று தொடங்கிய திட்டம் அது. நடுத்தர வருமான நாடான நமக்கு அந்தக் கதவு திறக்காது. இருந்தாலும் கடனைத் தள்ளினால் வட்டிக்குப் போகிற காசு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் திரும்பும் என்பதால் நான் தள்ளுபடியின் பக்கம்தான்.

ஆனால் சாம்பியாவைப் பாருங்கள். 2005இல் கடனில் பெரும்பகுதி கழிந்தது, 2012இல் டொலர் பிணைமுறி விற்கத் தொடங்கியது, 2020இல் மறுபடி கைவிரித்தது. ஏற்றுமதியில் பெரும்பங்கு செம்பு, அதன் விலை விழுந்தால் டொலர் வரவும் விழும். கானாவும் 2004இல் தள்ளுபடி வாங்கி 2022இல் அதே இடத்தில் நின்றது. பெரியம்மா வீட்டிலும் வெங்காயத் தோட்டம் ஒன்றுதான் வருமானம். காப்பைச் சும்மா மீட்டுக் கொடுத்திருந்தாலும் ஒரு மழைக்கு அது திரும்ப அடைவுக்குப் போயிருக்கும்.