மரத்தவளை தேட: இரவு டார்ச்சா, விடியற்காலையா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்தவளை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரவு ஏழு மணிக்கு டார்ச்சோடு கிளம்புவார்கள். என் தேர்வு விடியற்காலை: நாலே முக்காலில் இருந்து ஏழரை வரை. தவளையைப் பார்த்தால் போதும் என்பவருக்கு இரவே சரி. பார்த்தது எந்த இனம் என்று உறுதியாகச் சொல்லவேண்டும் என்பவர் அலாரம் வைத்து எழுந்திருக்கத்தான் வேண்டும். இங்கே தரும் நேரக் கணக்கு வால்பாறை, மூணாறு, நீலகிரியின் ஜூன்–செப்டம்பர் மழைக்காலத்துக்கு உரியது. வடக்கே கோவா பக்கம் இதை அப்படியே எடுத்துப்போகச் சொல்லமாட்டேன்.

பகல் தேடலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பச்சைத் தவளை கால்களை உடம்புக்கு அடியில் மடக்கி, கண்ணை மூடி, இலையோடு ஒட்டிக் கிடக்கும். கண்டுபிடிப்பது அதிர்ஷ்டம்.

இரவின் பலம் சத்தம். ஆண் தவளைகள் மாலை மங்கியதிலிருந்து ஒன்பது, பத்து மணி வரை விடாமல் கூப்பிடும். டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்தால் தவளையின் கண் ஒளியைத் திருப்பி அடிக்கும். சிலந்திக் கண்ணும் மின்னும். அது ஊசிமுனைப் பொட்டாகப் பளிச்சிடும், தவளையுடையது கொஞ்சம் பெரிதாக, மங்கலாக இருக்கும். குளக்கரையில் ஜோடி சேர்ந்தவற்றையும் பார்க்கலாம். புதிதாக வருபவருக்கு ஒரே இரவில் நிறையக் கண்ணில் படும்.

ஆனால் வீட்டுக்கு வந்து படத்தைத் திறக்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கும். எல்இடி வெளிச்சத்தில் பச்சை மஞ்சளாகும், பழுப்பு சாம்பலாகும். ஈரத் தோலில் ஃபிளாஷ் பட்டு முதுகில் வெள்ளைத் திட்டு விழும். பார்க்க வேண்டிய கோடும் புள்ளியும் அதற்குள்ளேயே மறைந்துபோகும். போதாததற்குத் தவளைகளே நிறம் மாறுபவை. வயநாடு, குடகுப் பக்கம் உள்ள சின்னப் பறக்கும் தவளை பச்சையாகவும் இருக்கும், செம்பழுப்பாகவும் இருக்கும். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் மஞ்சள் கோடுதான் அதற்கு நம்பகமான அடையாளம். இரவில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து இனத்தை முடிவுசெய்வது பல நேரம் ஊகமாகவே முடியும்.

விடியற்காலையைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் போதும்: அதே தவளையை இருட்டிலும் பகல் வெளிச்சத்திலும் பார்த்துவிடலாம். ஐந்து மணிக்கு அது இன்னும் விழித்திருக்கும். கால் நீட்டியிருக்கும், விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு தெரியும். ஆறே காலுக்கு இயற்கை வெளிச்சத்தில் அதன் முதுகின் உண்மையான நிறம் தெரியும். இரவில் கண்ட தவளையை மறுநாள் காலை தேடிப் போனால் அதுதான் இது என்று சொல்ல வழியில்லை. இங்கே இடைவெளி ஒரு மணி நேரம்தான்.

செய்முறை சுலபம். ஹெட்லாம்ப்பைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, தோட்டச் சாலையோரக் குட்டை, சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி, சோலை விளிம்பு ஆகியவற்றுக்கு மேலே ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் உயரம் வரை இலைகளைப் பாருங்கள். தவளை கிடைத்ததும் சவ்வு, தொடையின் பின்புறம், இடுப்பு மடிப்பு ஆகியவற்றை முதலில் படமெடுங்கள். கால் மடக்கியபின் இவை கிடைக்காது. அது உட்கார்ந்திருக்கும் கிளையில், அதற்கு ஒரு கை தூரம் கீழே, வண்ண நூல் ஒன்றைக் கட்டிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். ஐந்தாறு நூலுக்கு மேல் கட்டவேண்டாம். திரும்பிப் பார்க்க நேரம் போதாது. வெளிச்சம் வந்ததும் முதல் நூலில் இருந்து தொடங்கி, மேலிருந்தும் பக்கவாட்டிலும் ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நூல்களை அவிழ்த்துக்கொண்டே வாருங்கள்.

தவளை இடத்தில் இல்லையென்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் சற்று மேலே, அகலமான இலைக்கு நகர்ந்திருக்கும். கீழே நின்று வானத்தை நோக்கிப் பார்த்தால் இலையின் அடியில் நிழலுருவம் தெரியும். அளவு தெரிய தவளையைத் தொட வேண்டியதில்லை. இலையோடு சேர்த்துப் படமெடுத்து, தவளை போனபின் இலையை ஸ்கேலால் அளந்தால் போதும்.

இந்த இரட்டைப் படம் எங்கே கைகொடுக்கிறது என்றால் ஆனைமலையில். மலபார் பறக்கும் தவளையும் ஆனைமலைப் பறக்கும் தவளையும் பச்சை முதுகு, செம்மஞ்சள் சவ்வு என்று பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பின்னது தனி இனம் என்று 2000-இல்தான் விவரிக்கப்பட்டது. அது உருவத்தில் சிறியது. இளவயதில் முதுகில் கருங்கோட்டுப் பின்னல் இருக்கும், வளர வளர மங்கும். மங்கிய அந்தக் கோடு டார்ச்சில் தெரியாது, காலை வெளிச்சத்தில் தெரியும். மலபார் பெண் தவளை பத்து சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் அளவும் உதவும். அடிவார வீடுகளின் குளியலறைச் சுவரில் ஒட்டும் பழுப்பு மரத்தவளைக்கு இத்தனை பாடு வேண்டாம்: தொடையின் பின்புறம் கரும்பின்னலுக்குள் மஞ்சள் பொட்டுகள், அவ்வளவுதான்.

இன்னொரு லாபம் நுரைக்கூடு, அதாவது பல மரத்தவளைகள் முட்டையிடக் கட்டும் நுரைத் திரள். இரவு இட்டது காலையில் ஈரமாக, வெண்மையாக இருக்கும். பிறகு மேற்புறம் காய்ந்து பழுப்பேறும். வெள்ளைக் கூடு கண்டால் சுற்றி இரண்டு மீட்டருக்குத் தேடுங்கள், தாய் பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு. கூட்டை மட்டும் வைத்து இனம் சொல்லாதீர்கள்.

விடியல் தோற்கும் இடம் புதர்த்தவளைகள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் உருவம், அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள், ஒரே இனத்துக்குள்ளேயே பல நிறம். நுரைக்கூடும் கிடையாது, தலைப்பிரட்டைப் பருவமும் கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான். இவற்றுக்குக் குரலே முக்கிய ஆதாரம். மழை தூறும் காலையில் சில கூப்பிடும்தான், ஆனால் அதை நம்பி எழுந்திருக்க முடியாது. இரவில் போய், ஒரு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு நிமிடம் வேவ் கோப்பாக (WAV, ஒலியைச் சுருக்காத வடிவம்) பதிவுசெய்து, அப்போதைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிரில் கூப்பிடும் வேகம் குறையும். வெப்பநிலை இல்லாத பதிவை ஒப்பிடுவது கடினம்.

அடைமழையில் விடியல் வீண். இலையெல்லாம் மின்னும்போது கண்ணொளியைப் பிரித்தறிய முடியாது. சட்டைப்பையின் சூட்டிலிருந்து எடுத்த போன் லென்ஸில் ஆவி படியும், ஐந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஏழரைக்கு மேல் வெயில் ஏறினால் தவளைகள் நிழலுக்குள் போய்விடும்.

பாதுகாப்பில் இரண்டும் ஒன்றுதான். விடியலில் யானை இருக்காது என்று நினைப்பது தப்புக்கணக்கு. வால்பாறையில் யானை நடமாட்டத்துக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எந்த நேரத்திலும் நுழையக்கூடாது. தோட்டத்துக்கு நிர்வாகத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் காலுறை கட்டாயம். ஒரு ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் பூட்ஸ் சேற்றைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணிக்கும்.