ஃபியர், நான்காவது சுற்று

2005 அக்டோபரில் வந்த ஃபியர் கேமை முதலில் நான் ஆடியது 2007-இல், நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில். எல்லா செட்டிங்ஸையும் அடிமட்டத்துக்கு இறக்கினால்தான் ஓடும். நிழல் கிடையாது, முகங்களெல்லாம் உருகிய மெழுகு. அப்படியும் விடிய விடிய ஆடினோம். மூன்று வருடத்துக்கு முன்பு தள்ளுபடியில் சொந்தமாக வாங்கினேன். இப்போது ஓடுவது நான்காவது சுற்று.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மனத்தாலேயே ஒரு படையை இயக்கும் பாக்ஸ்டன் ஃபெட்டலைத் தேடிப் போகிறோம். நடுநடுவே சிவப்பு உடையில் ஆல்மா என்ற சிறுமி வந்து மறைகிறாள். மீதி நேரமெல்லாம் சண்டை. அந்தச் சண்டைக்காகத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன்.

வாங்கிய அன்று, இன்றைய கம்ப்யூட்டரில் பறக்கப் போகிறது என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் பறந்தது. அப்புறம் மெல்லக் காலை இழுக்க ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் ஸ்லைடு ஷோ ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கேமுக்குள்ளேயே இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட்டில் எல்லாம் பிரமாதம் என்றே வரும், அது சீக்கிரம் முடிந்துவிடுகிறதே! கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்து இரண்டு நாள் வீணாக்கினேன். குற்றவாளி மவுஸ்.

இப்போதைய மவுஸும் கீபோர்டும் விண்டோஸிடம் ஒரே கருவியாகத் தங்களைச் சொல்லிக்கொள்வதில்லை. வால்யூம் பட்டனுக்கு ஒன்று, கூடுதல் பட்டன்களுக்கு ஒன்று என்று நாலைந்து கருவிகளாகப் பதிவாகின்றன. ஒரு மவுஸ், ஒரு கீபோர்டு என்றிருந்த காலத்தில் எழுதப்பட்ட ஃபியர் இந்தக் கூட்டத்தோடு மல்லுக்கட்டியே மூச்சு வாங்குகிறது. அன்று எனக்குத் தெரிந்த வைத்தியம் டிவைஸ் மேனேஜரைத் திறந்து அந்த உபரிக் கருவிகளை ஒவ்வொன்றாக முடக்குவதுதான். கேம் சீரானது. கீபோர்டில் வால்யூம் பட்டன்கள் செத்தன. முதல் இரண்டு சுற்றும் அப்படியே போயின.

திரை அளவு சுலபம். செட்டிங்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து அகலத்தையும் உயரத்தையும் மாற்றினால் போதும். தோட்டா எண்ணிக்கை மட்டும் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும்.

இனி சண்டை. இதன் எதிரிகளைப் பற்றி மோனோலித் நிறுவனத்தில் அவற்றின் மூளையை வடிவமைத்த ஜெஃப் ஆர்கின் 2006-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் விளக்கியிருக்கிறார். இது நடந்தால் இதைச் செய் என்று வீரனுக்கு எழுதி வைக்கவில்லை. ஓர் இலக்கையும், செய்யக்கூடிய செயல்களையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவுக் கணக்கையும் கொடுத்துவிட்டு, திட்டத்தை அவனையே போட்டுக்கொள்ள விட்டிருக்கிறார்கள். நிலைமை மாறினால் திட்டமும் மாறும். அதைவிட எனக்குப் பிடித்தது, பக்கவாட்டில் சுற்றி வளைக்கும் உத்தி என்று தனியாக ஒன்றுமே அதில் கிடையாது என்பது. மறைவிடம் தேடி ஓடுகிறவனுக்குக் கிடைத்த இடம் நம் பக்கவாட்டில் இருந்துவிட்டால், நமக்கு அது வியூகமாகத் தெரிகிறது. ஒருவனுக்கு அடிபட்டால் இன்னொருவன் நிலவரம் கேட்கிறான், அவன் பதில் சொல்கிறான். முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது, பேச்சு நம் காதுக்காக மட்டும்தான். இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஏமாறுகிறேன். அலுவலகக் கட்டடத்தில் ஒரே அறையை எட்டு முறை ஆடியிருப்பேன். இரண்டு முறைகூட ஒரே கதவு வழியாக வரவில்லை.

மூன்றாவது சுற்றில்தான் எனக்கு அழகுபடுத்தும் பித்து பிடித்தது. கேம் காட்டும் படத்தின் மேல் ஃபில்டர் பூசும் ரீஷேடு மென்பொருளைப் போட்டேன். விளிம்புகளைக் கூர்மையாக்கினேன், வண்ணம் ஏற்றினேன், மூலைகளில் நிழல் சேர்க்கும் ஃபில்டரையும் இயக்கினேன். நின்று பார்த்தால் அசத்தலாக இருந்தது. சண்டை தொடங்கியதும் ஏதோ சப்பென்று இருந்தது. ஏன் என்று பிடிபட இரண்டு மாலை ஆனது. ஃபியரில் சுவரைச் சுட்டால் காரை பெயர்ந்து புழுதி கிளம்பும். பத்து விநாடியில் அறையே தெரியாது. அந்த மறைப்பில்தான் நாமும் நகர்கிறோம், அவர்களும் நகர்கிறார்கள். அந்த நிழல் ஃபில்டரோ ஆழத்தைக் கணக்கிட்டு நிழல் பூசுவது. அதன் கணக்கில் புழுதி இல்லவே இல்லை. அதனால் புழுதிக்குப் பின்னால் நிற்பவனைச் சுற்றி, புழுதிக்கு மேலேயே ஒரு கறுப்புக் கோடு வரைந்து காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது! காசு கொடுக்காமலே எக்ஸ்ரே கண்ணாடி. மொத்தத்தையும் அழித்தேன். திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் காமாவையும் பழைய இடத்துக்கே இறக்கினேன். டார்ச் சீக்கிரம் அணைந்துபோகும் கேமில் இருட்டை வெளுத்துவிட்டு என்ன செய்ய?

உருப்படியாகப் பலன் தந்தது ஒலி. விண்டோஸ் விஸ்டா வந்தபோது, கேம்கள் ஒலிக்குப் பயன்படுத்திய டைரக்ட்சவுண்ட் நேரடியாக சவுண்ட் கார்டைத் தொடும் வழி அடைபட்டது. அறைக்கு ஏற்ப ஒலியை மாற்றும் ஈஏஎக்ஸ் நுட்பத்தில் ஃபியர் தந்த எதிரொலிகளும் அதோடு போயின. ஒலியை ஓப்பன்ஏஎல் என்ற வேறொரு ஒலி நிரலகத்தின் பக்கம் திருப்பிவிடும் ஒரு சின்னக் கோப்பை கேம் போல்டரில் வைத்தேன். நீண்ட தாழ்வாரத்தில் எதிரிகளின் ரேடியோ பேச்சு சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டபோது, 2007-இல் ஆடிய கேமில் பாதியை நான் கேட்கவே இல்லை என்று புரிந்தது. இப்போதெல்லாம் ஸ்லோமோ பட்டனைத் தொடுவதே குறைந்துவிட்டது. நேரத்தை மெதுவாக்கினால் அவர்கள் பேச்சு குழைந்துவிடுகிறது, எங்கிருந்து வருகிறார்கள் என்ற துப்பும் போய்விடுகிறது.

குறைகளும் உண்டு. அதே சாம்பல் நிறத் தடுப்புகள், அதே கிடங்கு, அதே குழாய்கள். நடுப்பகுதியில் ஒரு மணி நேரத்தை வெட்டி எறிந்திருக்கலாம். நிழலை மென்மையாக்கும் வசதியையும், விளிம்புகளின் படிக்கட்டுப் பற்களை மழுப்பும் ஆன்டி-அலியாசிங்கையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் இரண்டாவதை வைத்திருக்கிறேன். விநாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை ரொம்ப ஏறினால் செத்த உடல்கள் கோணல்மாணலாகத் துள்ளுவதால் 60-இல் கட்டி வைத்திருக்கிறேன்.

இந்தச் சுற்றுக்கு எக்கோபேட்ச் என்ற ரசிகர் திருத்தத்தைப் போட்டேன். மவுஸ் தகராறு அதிலேயே தீர்ந்துவிட்டது, எறும்பு எழுத்தும் வளர்ந்தது. முடக்கி வைத்திருந்த கருவிகளையெல்லாம் திரும்ப இயக்கிவிட்டேன். கீபோர்டில் வால்யூம் பட்டன்களுக்கு உயிர் வந்துவிட்டது. ஏணியில் இறங்கத் திரும்பும் நொடியில் ஆல்மா கண்ணெதிரே நிற்கும் இடம் எங்கே என்று எனக்குத் தெரியும். நேற்று அங்கே போவதற்கு முன்பு வால்யூமை நாலு புள்ளி குறைத்துக்கொண்டேன்.