'அக்கா' என்று கூப்பிட்டவனுக்குக் கொடுத்த 186 டாலர்

நேற்று சாயங்காலம் வாசலில் ஒரு பெட்டி கிடந்தது. ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று மூலை நசுங்கி, ஒரு பக்கம் டேப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டோக்கியோவிலிருந்து வரும் என்று ஏழு வாரமாகக் காத்திருந்த பெட்டி. அனுப்பியவர் முகவரியில் கலிஃபோர்னியா என்று இருக்கிறது. இதற்கு நான் கொடுத்தது 186 டாலர். கோபத்தோடு தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தின் பெயரைப் போடவில்லை. "வம்பு வழக்குன்னு வந்தா நீதான் அலையணும்" என்கிறார் வீட்டுக்காரர். வீடியோ போடும் தளம் ஒன்றில் ஒரு தமிழ்ப் பக்கம், ஜப்பான் தின்பண்டங்களைக் கடை விலைக்கே வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லும் பக்கம். இதுவரை மட்டும் போதும். உண்மையில் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு எதற்கு இந்த ஆசை என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "மிட்டாய்க்கு 186 டாலரா" என்று கேட்பீர்கள். நாங்கள் டோக்கியோ நிஷி-கசாயில் ஆறு வருஷம் இருந்தோம். தோசாய் லைனில் அந்த ஸ்டேஷனில் இறங்கினால் பாதி முகம் நம்ம ஊர் முகமாகத்தான் இருக்கும். என் மகள் அங்கேதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள், 2022 ஏப்ரலில். அங்கே பள்ளியில் சுற்றுலா போகும்போது பிள்ளைகள் கொண்டுபோகும் தின்பண்டத்துக்கு 300 யென் என்று கணக்கு வைப்பது பழைய வழக்கம். ஏழு வயசுகூட ஆகாத குழந்தை அந்த 300 யென்னுக்கு ஒரு வாரம் கணக்குப் போட்டாள். உமாய்போ என்று ஒரு சோளக்குழல் உண்டு. விரல் தடிமன், வாயில் போட்டால் தூளாகிவிடும், தனித்தனி உறையில் வரும். 1979-இல் வந்ததிலிருந்து ஒன்று 10 யென். 30 வாங்கலாம் என்று இவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கடைக்குப் போனால் 12 யென். சரியாக அந்த ஏப்ரலில்தான் விலையை ஏற்றியிருந்தார்கள். 25தான் வரும் என்றதும் கடை வாசலில் நின்று ஒரு அழுகை. (2024 அக்டோபரில் அது 15 யென் ஆகிவிட்டது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை.)

அந்தக் கோடையிலேயே நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டோம். 2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை, அவளுக்குப் பத்தாவது பிறந்தநாள். கேக் வேண்டாம், பலூன் வேண்டாம், வீட்டுக் கூடத்தில் ஒரு டகாஷி கடை வைக்கணும் என்றாள். டகாஷி என்றால் அங்கே பிள்ளைகள் சில்லறைக் காசுக்கு வாங்கும் மலிவு மிட்டாய், நம்ம பெட்டிக்கடை தேன் மிட்டாய், கமர்கட் மாதிரி. வரும் 14 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 300 யென் காகிதக் காசு. அவளே வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு வைத்திருந்தாள், 50 யென் நாணயத்தில் இருக்குமே அந்த மாதிரி.

எட்ஜ்வாட்டரில் மிட்சுவா என்ற ஜப்பான் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, தெரியும். ஆனால் நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து போக டோல், பார்க்கிங். அங்கே போனாலும் ஜப்பான் விலையை மறக்காதவர்களுக்கு ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்துப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். கொன்பினியில், அதுதான் அங்கத்திய கன்வீனியன்ஸ் ஸ்டோரில், சில்லறைக்கு எடுத்ததை இங்கே டாலர் நோட்டை நீட்டி வாங்க மனசு வராது. இந்தக் கஞ்சத்தனம்தான் என்னைக் கொண்டுபோய் அவனிடம் விட்டது.

ஆகஸ்ட் முதல் வாரம் அந்தப் பக்கத்தின் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பையன், முகம் தெரியவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைகிறான். கதவு திறக்கிறது. அங்கே ஃபாமிமா என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள், அந்த ஃபேமிலிமார்ட் கொன்பினியில் நுழைந்தால் கேட்குமே அந்த மெட்டு! ஆறு வருஷம் மழையிலும் வெயிலிலும் தள்ளுவண்டியோடு நுழையும்போதெல்லாம் கேட்ட மெட்டு. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். மகள் ஹாலிலிருந்து ஓடிவந்து "அம்மா, ஃபாமிமா!" என்றாள். அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டேன். கேமரா அலமாரி முழுக்க மெதுவாகப் போகிறது: ஜகாரிகோ உருளைக்கிழங்குக் குச்சி, பிளாக் தண்டர் சாக்லேட், அல்ஃபோர்ட் சாக்லேட் பிஸ்கட். மேலே தமிழில் குரல்: "எல்லாம் இதே விலைக்கு உங்க வீட்டுக்கு."

செய்தி அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

"சொல்லுங்க அக்கா."

நிஷி-கசாயில் இருந்தோம் என்று சொன்னேன். "அய்யோ அக்கா, நான் கசாய்ல இருக்கேன், ஒரு ஸ்டேஷன்தான்!" என்றான். பாப்பாவுக்குப் பிறந்தநாள் என்றேன். "பாப்பாவுக்கு நான் ஒரு கிஃப்ட் தனியா வைக்கிறேன் அக்கா, அதுக்குக் காசு வேணாம்." எத்தனை பேர் சைவம் என்று அவனாகவே கேட்டான். அஞ்சு பிள்ளைகள் சைவம், மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் போட்ட கம்மி மிட்டாய் எதுவும் வேண்டாம் என்றேன். "நான் லேபிள் படிச்சுப் பார்த்துத்தான் எடுப்பேன் அக்கா." இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறானே என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல், "விலையைப் பாத்தியா? தபால் செலவே அதுக்கு மேல வருமே" என்றார். கேட்டிருக்கலாம்.

60 உமாய்போ, 20 பிளாக் தண்டர், 10 ஜகாரிகோ, மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள்) கிட்கேட் 4 பை, சாக்லேட் பிஸ்கட்டில் காளான் வடிவ கினோகோ நோ யாமா, மூங்கில் குருத்து வடிவ தகெனோகோ நோ சாதோ இரண்டிலும் ஐந்தைந்து. தபாலோடு 148 டாலர். கார்டு வேண்டாம், கமிஷன் போகிறது, நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் போடுங்கள் அக்கா என்றான். அந்தக் கமிஷனை நமக்கே தள்ளுபடியாகக் கொடுக்கிறான் என்று நினைத்து ஆகஸ்ட் 6 ராத்திரி போட்டேன். 9-ஆம் தேதி "அனுப்பியாச்சு அக்கா" என்று ஒரு எண் வந்தது. ஜப்பான் போஸ்ட் தளத்தில் போட்டால் பதிவே இல்லை. "ரெண்டு மூணு நாள் ஆகும் அக்கா." பத்து நாள் ஆயிற்று. "அங்க ஓபோன் லீவு அக்கா." ஓபோன், முன்னோரை நினைக்கும் பண்டிகை, ஆகஸ்ட் நடுவில்தான் வரும், உண்மைதான், நானும் தலையாட்டிக்கொண்டேன். அவன் சொன்ன ஒவ்வொரு பொய்யிலும் இப்படி ஒரு சிட்டிகை உண்மை இருந்தது, அதுதான் எரிச்சல்.

அடுத்து அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு வரி இல்லை என்ற சலுகையை ஆகஸ்ட் 29-ஓடு அமெரிக்கா எடுத்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால், 27-ஆம் தேதியிலிருந்து, ஜப்பான் போஸ்ட் அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை வாங்குவதை நிறுத்தியது. செய்தியில் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடனே இவன்: "அக்கா நியூஸ் பாத்தீங்களா, நம்ம பார்சல் அதுல மாட்டிக்கிச்சு. டியூட்டி 38 டாலர் கட்டினா ரிலீஸ் ஆயிடும்."

கட்டினேன். பிறந்தநாளுக்கு 12 நாள்தான் இருந்தது. 148-உம் 38-உம் 186.

இப்போது யோசித்தால் சிரிப்பாக வருகிறது. 9-ஆம் தேதி தபாலில் சேர்த்த பார்சல், 27-ஆம் தேதி புதுப் பார்சல் வாங்குவதை நிறுத்தினால் எப்படி மாட்டும்? அப்படியே வரி இருந்தாலும் கசாயில் உட்கார்ந்திருக்கும் பையனின் போன் நம்பருக்கு யாராவது அமெரிக்கச் சுங்கவரி கட்டுவார்களா? கட்டியிருக்கிறாள் ஒருத்தி. எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள்.

38 போன மறுநாளிலிருந்து நான் அக்கா இல்லை. "மேம், ப்ளீஸ் வெயிட்." நாலு நாள் கழித்து, "மேம், எங்க கையில இல்ல." பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி நான் அனுப்பிய குரல் செய்திக்கு ஒரு கட்டைவிரல். வெறும் கட்டைவிரல்! அதற்கப்புறம் அதுவும் இல்லை.

பிறந்தநாள் காலையில் வீட்டுக்காரர் பக்கத்து இந்தியக் கடைக்கு ஓடி பார்லே-ஜி, பாப்பின்ஸ், கடலை மிட்டாய் அள்ளிக்கொண்டு வந்தார். 14 பிள்ளைகளும் ஓட்டை போட்ட காகிதக் காசைக் கொடுத்து அதைத்தான் வாங்கினார்கள். அவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். இவள் மட்டும் கடைசிவரை ஜப்பானியில் எழுதிய விலைச்சீட்டுகளைக் கையிலேயே வைத்திருந்தாள், எதன் முன்னால் வைப்பது என்று தெரியாமல்.

பணம் அனுப்பிய ஆப்பில் புகார் கொடுத்தேன். நீங்களே விரும்பி, தெரிந்தவருக்கு அனுப்பியதாகக் குறித்து அனுப்பிய பணம், இதற்குப் பாதுகாப்பு கிடையாது என்று பதில். வங்கியில் 40 நிமிஷம் பாட்டுக் கேட்கவைத்துவிட்டு, நீங்கள் அனுமதித்த பரிவர்த்தனை என்றார்கள். வீடியோ தளத்தில் புகார் பொத்தானை அமுக்கினேன். அந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை என்று ராத்திரி 2 மணிக்குப் பதில் வந்தது. மனுஷன் எவனும் படிக்கவில்லை என்பது அந்த நேரத்திலேயே தெரிகிறது.

இந்த நிலைமையில்தான் நேற்று இந்தப் பெட்டி. எதற்காக அனுப்பினான் என்றுகூடப் புரியவில்லை. ஏதோ அனுப்பினேன் என்று காட்டவா?

உள்ளே: 22 உமாய்போ, அதில் முழுசாக இருந்தது 6, மீதி உறைக்குள் தூள். பிளாக் தண்டர் ஒன்றுகூட இல்லை. கினோகோ நோ யாமா கேட்டதற்கு அதையே வெளிநாட்டுக்கு ஆங்கிலப் பெயரில் விற்கும் 'சாக்கோரூம்ஸ்' டப்பா இரண்டு. இது இங்கேயே கடைகளில் பார்த்ததுதான். கேட்கவே கேட்காத போக்கி பிஸ்கட் குச்சி ஒரு டப்பா, பின்னால் தாய்லாந்தில் தயாரித்தது என்று போட்டிருக்கிறது. மாட்சா கிட்கேட் ஒரு பை. பிரித்தால் பச்சைக்கு மேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை, எங்கோ வெயிலில் உருகி மறுபடி இறுகியிருக்கிறது. அதோடு கம்மி மிட்டாய் நாலு பாக்கெட். லேபிளில் ஜெலட்டின். லேபிள் படித்துப் பார்த்து எடுப்பானாம்.

ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் அமெரிக்கச் சத்துப் பட்டியல் ஒட்டியிருந்தது. கொன்பினி அலமாரியில் அது ஏன் இருக்கப் போகிறது? இங்கே இறக்குமதி செய்கிறவர்கள் ஒட்டுவது அது. எல்லாம் இங்கேயே ஏதோ கழிவு விலையில் அள்ளிய சரக்கு. கிட்கேட் பையில் மட்டும் அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வெள்ளைச் சீட்டு, 2026 என்று தேதி அச்சடித்து. ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், கிழிந்தது. முடி உலர்த்தும் டிரையரைப் பிடித்துச் சூடாக்கினேன், பசை இளகி மெதுவாக உரிந்து வந்தது. அடியில் ஷோமி கிகென், அதாவது சுவை கெடாமல் இருக்கும் கடைசித் தேதி, என்று ஜப்பானிய எழுத்து, பக்கத்தில் 2025.4. ஆர்டர் கொடுப்பதற்கு மூன்று மாசம் முன்னாலேயே முடிந்த தேதி. குழந்தைகளுக்கு என்று சொல்லி வாங்கினேன் இவனிடம்.

எங்கே மலிவு என்று எழுதுவதாகச் சொன்னேன். விரிவாக எழுதும் மனநிலையில் இல்லை, சுருக்கமாக:

மிட்சுவாவுக்கே போயிருந்தால் டோலும் பெட்ரோலும் சேர்த்துக்கூட 186 டாலர் ஆகியிருக்காது, பிறந்தநாளுக்கும் கையில் இருந்திருக்கும். ஹெச் மார்ட் என்ற கொரியன் சூப்பர்மார்க்கெட்டிலும் ஒரு ஜப்பான் வரிசை உண்டு. பக்கத்தில் டைசோ என்ற ஜப்பான் மலிவுக் கடை இருந்தால் எட்டிப் பாருங்கள். ஹை-சூ மிட்டாய் இங்கேயே வட கரோலினாவில் 2015 முதல் தயாராகிறது, அதை யாரும் டோக்கியோவிலிருந்து வரவழைக்க வேண்டாம்.

ஜப்பான் போஸ்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பார்சல் எண் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஜே.பி. என்று இருக்கும். எனக்கு வந்தது வெறும் 12 இலக்கம். அன்றைக்கே பார்த்திருந்தால் 38 டாலராவது மிஞ்சியிருக்கும்.

கார்டு வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தேதிமேல் சீட்டு இருந்தால் உரித்துப் பாருங்கள். கோடையில் சாக்லேட் வரவழைக்காதீர்கள். வேறு ஏதோ எழுத நினைத்தேன், மறந்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் அவர் போனைக் கொண்டுவந்து காட்டுகிறார். என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறான் அந்தப் பையன், அவர் போனில் அவன் பக்கம் தெரிகிறது. ஒரு மணி நேரம் முன்னால் புது வீடியோ, அதே கதவு, அதே மெட்டு. கீழே ஒரு பெண், டொரொன்டோவாம், "தம்பி, விலை அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறார். "இன்பாக்ஸ் பாருங்க அக்கா" என்று பதில் போட்டிருக்கிறான். அவர் போனிலிருந்தே அந்தப் பெண்ணுக்கு இந்தப் பதிவை அனுப்பப் போகிறேன்.