ஓயாத அசதிக்கு முருங்கைக்கீரையா, இரும்புச்சத்து மாத்திரையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் இரத்தம் குறைவு என்று கேள்விப்பட்ட பெண்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான்.

செலவு: கீரை வேலியோரம் சும்மா கிடைக்கிறது. மாத்திரைக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்).

பலன்: 100 கிராம் பச்சைக்கீரையில் சுமார் 4 மில்லிகிராம் இரும்பு, அதிலும் உடம்பு ஏற்பது கொஞ்சம்தான். 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்புச்சத்து மாத்திரையில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு. இரண்டு மாதம் கீரையை மட்டும் நம்பிய என் அம்மா, உதிரிப்பழம் பொறுக்கும்போது தலை சுற்றி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

சிரமம்: கீரை ஆயப் பொறுமை வேண்டும். மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம், மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டுக்குமே தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) ஆகாது, பசியாறும்போது அதைத் தள்ளி வைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு குடியுங்கள்.

சரி, எது யாருக்கு? சோதனையில் இரும்புச்சத்துக் குறைவு என்று வந்துவிட்டால் மாத்திரைதான், கீரை துணைக்கு. குறைவில்லை, சாப்பாட்டைத் தேற்றினால் போதும் என்றால் கீரை. இரத்தம் சரியாக இருந்தும் அசதி விடவில்லையா, தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.